கோலாலம்பூர்: ஏழேகால் மணிக்கு எங்கே நிற்பது?

கோலாலம்பூருக்கு இரண்டு மூன்று நாள் பயணமாகப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் ஏறலாமா, கேஎல் டவர் ஏறலாமா?" என்பதுதான். பணம் இருந்தால் இரண்டிலுமே ஏறலாம். பகல் நேரம் தாராளமாக இருக்கிறது. தட்டுப்பாடெல்லாம் மாலையில்தான்.

நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கும் ஊர் இது. ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான். மறைந்த கொஞ்ச நேரத்தில் வானம் கருநீலமாகும். வானமும் கட்டட விளக்குகளும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் நிற்கும். ஃபோனில் எடுத்தால்கூட விளக்கு வெளுக்காமல், வானம் கருக்காமல் படம் வருவது அப்போதுதான். அது இருபது நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. அதன் பிறகு வானம் வெறும் கறுப்பு.

ஒரு மாலைக்கு ஒரு இருபது நிமிடம், அதை எந்த இடத்தில் செலவழிப்பது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மற்ற இடங்களையெல்லாம் பகலில் சௌகரியம்போலப் பார்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி: படத்தில் இரட்டைக் கோபுரம் வருமா? கோலாலம்பூர் என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரிய வைக்கும் உருவம் அது ஒன்றுதான். நீங்கள் ஏறி நிற்கும் கட்டடம் உங்கள் படத்தில் வராது. சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் சீட்டு வாங்கி மேலே போன பிறகுதான் பலருக்கு இது உறைக்கிறது.

இரண்டாவது, கேமராவுக்கும் நகரத்துக்கும் நடுவில் கண்ணாடி உண்டா என்பது. இருட்டிய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் ஊருக்குப் பதிலாக உங்கள் சட்டையும் பின்னால் இருக்கும் விளக்கும்தான் படத்தில் விழும்.

மூன்றாவது, வெயிலின் திசை. சூரியன் மறைவதற்கு முன்பு மட்டும் இதைக் கவனித்தால் போதும். கோபுர விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான்.

நான்காவது, மொத்தச் செலவு. சீட்டு விலை மட்டும் அல்ல. கட்டாயமாக வாங்க வேண்டிய பானம், செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி, வரிசையில் போகும் நேரம் எல்லாம் சேர்த்து. கடைசியாக, உங்களோடு யார் வருகிறார்கள் என்பது. படிக்கட்டு ஏற முடியாத அம்மாவோடு போவதும் ட்ரைபாடோடு தனியாகப் போவதும் வேறு வேறு பயணங்கள்.

## இரட்டைக் கோபுரத்தின் உள்ளே

451.9 மீட்டர், 88 மாடி. 1998 முதல் 2004 வரை உலகின் மிக உயரமான கட்டடம். செசார் பெல்லி வடிவமைத்தது. சீட்டு வாங்கினால் முதலில் 41வது மாடியில் இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலத்துக்கும், பிறகு 86வது மாடிப் பார்வைத் தளத்துக்கும் அழைத்துப் போவார்கள். பாலமே தரையிலிருந்து 170 மீட்டரில் தொங்குகிறது.

அனுபவமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. 86வது மாடியில் எதிர்க் கோபுரத்தின் முடிக்கூம்பு கண்ணுக்கு நேரே, எஃகுத் தகடுகளின் இணைப்புகள் தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் நிற்கும். அந்த ஒரு படம் வேறு எங்கிருந்தும் கிடைக்காது.

நகரப் படத்துக்கு மட்டும் இது சரிப்படாது. எல்லாப் பக்கமும் கண்ணாடி. கூட்டத்தைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இவ்வளவு நேரம் என்று நடத்துகிறார்கள். வானம் நீலமாகும் நேரத்தில் உங்கள் குழு இறங்க வேண்டியிருந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருப்பதால், மாலை நேரச் சீட்டுகள் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும். வெளிநாட்டவருக்குத் தனி விலை, அதுவும் கூடுதல். நால்வர் குடும்பத்துக்கு அந்தத் தொகையில் இரண்டு வேளை நல்ல சாப்பாடு முடிந்துவிடும்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ளே போகாம எப்படி?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். காலைச் சீட்டு எடுத்துக் கொடுங்கள். லிஃப்ட் இருக்கிறது, குளிரூட்டல் இருக்கிறது, கால் வலிக்காது. மாலையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

## கேஎல் டவர்

நகரின் நடுவே புக்கிட் நானாஸ் குன்றின் மேல் 421 மீட்டருக்கு நிற்கிறது, 1996இல் திறந்தார்கள். உயரத்தில் இரட்டைக் கோபுரத்தைவிடக் குறைவு. ஆனால் குன்றின் மேல் நிற்பதால், தெருவிலிருந்து பார்க்கும்போது இதுதான் பெரியதோ என்று தோன்றும். அடிவாரத்தில் 1906இலேயே ஒதுக்கப்பட்ட ஒரு துண்டு மழைக்காடு இன்னும் மிச்சம் இருக்கிறது. கட்டும்போது ஒரு பழைய ஜெலுத்தோங் மரத்தை வெட்டாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை நின்று பார்க்கிறவர்கள் குறைவு.

மேலே இரண்டு தளம். 276 மீட்டரில் இருப்பது கண்ணாடி அடைத்த உள்தளம். அதற்கு மேலே திறந்தவெளித் தளமான ஸ்கை டெக். படம் எடுக்கப் போகிறவர் உள்தளச் சீட்டை மட்டும் வாங்கினால் காசு தண்டம். திறந்த தளத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால்தான் இங்கே வந்ததற்கு அர்த்தம். கண்ணாடி இல்லை, காற்று முகத்தில் அடிக்கும், ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இடத்தின் இன்னொரு பலம் அதன் திசை. இரட்டைக் கோபுரம் இங்கிருந்து கிழக்கு, வடகிழக்குப் பக்கம். மாலைச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். அதனால் ஆறரை மணி வெயில் கோபுரத்தின் எஃகு முகத்தில் நேராக விழும். முக்கால் மணி கழித்து அதே இடத்தில் நின்று விளக்கு எரிவதையும் எடுக்கலாம். தெற்குப் பக்கம் திரும்பினால் நகரின் மிக உயரமான கட்டடமான மெர்டேக்கா 118 தனியாக நிற்கும். ஒரே சீட்டில் மூன்று விதமான படம்.

ஸ்கை பாக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று எடுக்கும் படத்துக்கு எப்போதும் வரிசை. நேரம் பார்த்து ஆறு மணிக்கு முன்பே அதை முடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வானம் நீலமாகும்போது நீங்கள் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

மறைந்திருக்கும் அபாயம் மழை. இடி மின்னல் என்றால் திறந்த தளத்தை மூடிவிடுவார்கள். ஆகவே இணையத்தில் பல நாள் முன்பே சீட்டு வாங்குவதைவிட, அன்று மாலை ஐந்து மணிக்கு மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

## கூரைமாடி பார்கள்

இரண்டு இடங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். டிரேடர்ஸ் ஹோட்டலின் 33வது மாடி ஸ்கைபார், கோபுரத்தை ஒட்டிய கேஎல்சிசி பூங்காவுக்கு அப்பால் இரட்டைக் கோபுரத்துக்கு நேர் எதிரே. நீச்சல்குளத்தைச் சுற்றி இருக்கைகள். சூரியன் கோபுரத்தின் பக்கமாகத்தான் இறங்கும் என்பதால் ஏழு மணிக்குக் கோபுரம் கரிய உருவமாகத் தெரியும். பதினைந்து நிமிடம் பொறுத்தால் விளக்கு வந்து நிலைமை மாறிவிடும்.

மற்றது சுல்தான் இஸ்மாயில் சாலையில் மெனாரா கேஎச் கட்டடத்தின் 34வது மாடி. பகலில் ஹெலிகாப்டர் இறங்குதளம், மாலையில் பார். கீழ்மாடியில் பானத்தை வாங்கிக்கொண்டு படி ஏறி மேலே போக வேண்டும். கண்ணை மறைக்கும் சுவர் கிடையாது. ஒரு பக்கம் இரட்டைக் கோபுரம், மறு பக்கம் கேஎல் டவர். உயரமென்றால் தலை சுற்றுகிறவர்கள் விளிம்புப் பக்கம் போக வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு போக வேண்டிய இடம் இல்லை என்பது என் கருத்து.

நுழைவு இலவசம் என்று கேட்டு மகிழ வேண்டாம். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் விலை அந்த மாடியின் விலை. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அதன் மேல் சேவைக் கட்டணமும் வரியும் தனியாக ஏறும். இரவு ஏற ஏற உடை விதி இறுகும். ரப்பர் செருப்பும் அரைக்கால் சட்டையுமாகப் போனால் லிஃப்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். நல்ல மேசைக்கு முன்பதிவு வேண்டும்.

இருவராகப் போய், எப்படியும் ஒரு மாலை எங்காவது உட்கார்ந்து குடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவு வீண் இல்லை. படத்துக்காக மட்டும் போவதென்றால் கேஎல் டவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பானம் வாங்கிய பிறகு வித்தியாசம் அவ்வளவாக இருக்காது.

## தரையிலிருந்து: பூங்காவும் முகப்பும்

காசு இல்லாமல் கிடைக்கும் பார்வை, ஆகவே கூட்டமும் இங்கேதான்.

அம்பாங் சாலைப் பக்க முகப்பில் இரவு ஏழரைக்குப் போனால், ஆட்கள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு படம் எடுப்பதைப் பார்க்கலாம். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் 452 மீட்டர் ஃபோனுக்குள் அடங்காது. அதனால்தான் ஃபோனில் மாட்டும் கிளிப் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனையாளர்கள் ஒவ்வொருவரையும் நெருங்குகிறார்கள். உங்களுக்காக ஒரு படம் எடுத்துக் காட்டி, பிறகுதான் விலையைச் சொல்வார்கள். உங்கள் ஃபோனில் 0.5 மடங்கு அகலக் கோணம் இருந்தால் அந்த லென்ஸ் தேவையே இல்லை. எதைக் கொண்டு எடுத்தாலும் கோபுரங்கள் உள்பக்கம் சாய்ந்த மாதிரிதான் வரும். கிட்ட நின்று அண்ணாந்து எடுப்பதன் விளைவு அது.

நேராக வர வேண்டுமானால் விலகிப் போக வேண்டும். பின்பக்கம் 50 ஏக்கரில் பூங்கா. பிரேசில் நிலவடிவமைப்பாளர் ரொபேர்த்தோ புர்லே மார்க்ஸின் கடைசி வேலைகளில் ஒன்று. ஏரிக்கு அக்கரைக்கு, பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் குளத்தின் பக்கமாகப் போனால் சாய்வு குறைந்து, மரங்களுக்கு மேலே இரண்டு கோபுரமும் நிமிர்ந்து நிற்கும். இந்தப் பக்கம் காலை வெயில். முகப்புப் பக்கம் பிற்பகல் வெயில். இரவில் ஏரியில் இசை நீரூற்று உண்டு. பிள்ளைகள் ஈரத் துணியோடு அதைப் பார்க்கப் பிடிவாதம் பிடிக்கும். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள்.

கேஎல்சிசி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் எல்லாம் நடை தூரம். கழிப்பறையும் சாப்பாட்டுக் கூடமும் பக்கத்திலேயே சூரியா மாலில். குடும்பத்துக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. தனியாகப் படம் எடுப்பவருக்கு இதைவிட நெரிசலான இடமும் இல்லை.

## சலோமா பாலம்

என் வாக்கு இதற்குத்தான்.

கம்போங் பாரு என்ற பழைய மலாய்க் குடியிருப்பையும் கேஎல்சிசி பகுதியையும் இணைக்கும் நடைபாலம். 2020 பிப்ரவரியில் திறந்தது. 69 மீட்டர் நீளம். கீழே கிள்ளான் ஆறும் விரைவுச்சாலையும். மலாய்த் திருமணங்களில் வெற்றிலையைக் கொத்தாக அடுக்கி வைக்கும் சீர் உருவில் கூரை அமைந்திருக்கிறது. முழுவதும் முக்கோணக் கண்ணாடித் துண்டுகளும் எல்இடி விளக்குகளும். மலாய்த் திரை நடிகர், பாடகர் பி. ராம்லியின் மனைவியும் பாடகியுமான சலோமாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பாலத்தின் உள்ளே நின்று எடுப்பவர்கள் நிறம் மாறும் கூரையை எடுக்கிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாலத்தைக் கடந்து கம்போங் பாரு கரைக்கு வந்து திரும்பிப் பாருங்கள்: முன்னால் ஒளிரும் பாலம், அதன் பின்னால் இரட்டைக் கோபுரம், இரண்டும் ஒரே சட்டத்துக்குள். கண்ணாடி இல்லை, சீட்டு இல்லை, குழு நேரக் கட்டுப்பாடு இல்லை. கோபுரம் அண்ணாந்து பார்க்கிற தூரத்திலும் இல்லை, புள்ளியாகத் தெரிகிற தூரத்திலும் இல்லை.

விளக்கு நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்பு வரும்போது படம் எரிந்தது போல ஆகிவிடும். நீலமும் ஊதாவும் வரும்வரை காத்திருந்து எடுங்கள். கூட்டம் உண்டுதான், ஆனால் நடந்துகொண்டே இருக்கும் கூட்டம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி கிடைக்கும். பிறகு அப்படியே கம்போங் பாருவுக்குள் நடந்தால் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கடைகள். சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டு வாங்குங்கள். சம்பலிலேயே நெத்திலி இருக்கும்.

குறை என்றால், முழு நகரமும் ஒரே படத்தில் வராது. உயரத்திலிருந்து பார்க்கும் திகைப்பும் கிடையாது.

## தித்திவங்சா ஏரி

நகர மையத்துக்கு வடக்கே. இங்கிருந்து தெற்கே பார்த்தால் இரட்டைக் கோபுரம், கேஎல் டவர், மெர்டேக்கா 118 என்று மொத்த வானவரையும் (நகரக் கட்டடங்கள் வானில் வரையும் கோடு) தண்ணீருக்கு மேலே வரிசைகட்டி நிற்கும். கோபுரங்கள் தூரம் என்பதால் ஃபோனில் இரண்டு மூன்று மடங்கு ஜூம் வேண்டும். காற்று அடங்கிய அதிகாலையில் வந்தால் பிரதிபலிப்பும் சேரும். நுழைவு இலவசம். தித்திவங்சா நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்குச் சற்று நடக்க வேண்டும்; வெயிலில் கிராப் வண்டி நல்லது. மாலையில் கொசு.

விளக்கு எரியும் நேரத்தை வேறு இடத்துக்கு ஒதுக்கிவிட்டு இதைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், ஆகவே கொடுமையான அதிகாலை எழுப்பல் எதுவும் இல்லை.

## வேறு கணக்கில் சேர்பவை

பத்துமலையை வானவரைப் போட்டியில் சேர்ப்பது முறையல்ல. சுண்ணாம்புப் பாறை, 2006இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, 2018இல் வண்ணம் பூசிய 272 படிகள். அதன் படமே தனி. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் காலையிலேயே போய்விடுங்கள். எட்டரைக்கு மேல் பேருந்துகள் வந்து இறங்கும். பூ, பழம், தண்ணீர்ப் போத்தல் கையில் இருந்தால் குரங்கு விடாது.

டத்தாரான் மெர்டேக்கா என்ற விடுதலைச் சதுக்கத்தின் பக்கம் 1897இல் கட்டிய சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் முனையில் 1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமிக்கும் பக்கத்துப் பக்கத்தில். உயரத்தால் மிரட்டாத பழைய ஊர். தியான் ஹோ சீனக் கோயிலின் மேல்தளத்திலிருந்து சிவப்பு விளக்குகளுக்கு ஊடாக நகரம் தெரியும். படத்தில் கோயில்தான் நாயகன், நகரம் துணை.

மெர்டேக்கா 118 இப்போது 678.9 மீட்டரோடு உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். 1957இல் விடுதலை அறிவிக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பெட்டாலிங் தெருவின் பழைய இரண்டு மாடிக் கடைவீடுகளை முன்னால் வைத்து எடுத்தால் அதன் அளவு புரியும். தனியாக எடுத்தால் புரியாது.

## ஒரே பார்வையில்

| இடம் | இரட்டைக் கோபுரம் படத்தில் | கண்ணாடி | காசு | சொல்லாமல் வரும் செலவு | எந்த நேரம் |
|---|---|---|---|---|---|
| இரட்டைக் கோபுரம் உள்ளே | எதிர்க் கோபுரத்தின் உச்சி மட்டும் | உண்டு | அதிகம் | குழு நேரக் கட்டுப்பாடு | காலை |
| கேஎல் டவர் திறந்த தளம் | முழுதாக | இல்லை | அதிகம் | மழையில் மூடல், ஸ்கை பாக்ஸ் வரிசை | மாலை 6 முதல் |
| கூரைமாடி பார் | நேரெதிரே | இடத்தைப் பொறுத்து | பானத்தைப் பொறுத்து | வரி, சேவைக் கட்டணம், உடை விதி | மாலை |
| கேஎல்சிசி பூங்கா, முகப்பு | முழுதாக, சாய்வோடு | இல்லை | இலவசம் | நெரிசல் | காலை அல்லது இரவு |
| சலோமா பாலம் | பாலத்தோடு சேர்த்து | இல்லை | இலவசம் | விளக்கு நிறத்துக்குக் காத்திருப்பு | 7.15 முதல் |
| தித்திவங்சா ஏரி | தூரத்தில், மற்றவற்றோடு | இல்லை | இலவசம் | கிராப் வண்டி, கொசு | அதிகாலை |

## யாருக்கு எது

ஒரே ஒரு மாலைதான் என்றால் சலோமா பாலம். யோசிக்கவே வேண்டாம். ஆறு மணிக்குப் பூங்காவில் உலாத்திவிட்டு, ஏழுக்குப் பாலத்துக்கு நடந்துவிடலாம்.

இரண்டாவது மாலை கிடைத்தால் கேஎல் டவர் திறந்த தளம். முதல் மாலை வானம் தெளிவாக இருந்தால் வரிசையை மாற்றி டவரை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கு மேகம் பெரிய தடை இல்லை, டவருக்குத் தடை.

கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் பூங்காவோடு நிறுத்திக்கொண்டு, இரட்டைக் கோபுரத்துக்குக் காலைச் சீட்டு. தேனிலவுத் தம்பதிக்கு ஸ்கைபார். கேமராவும் நீண்ட லென்ஸும் வைத்திருப்பவர் தித்திவங்சாவில் ஒரு விடியலைக் கழிக்காமல் திரும்பக் கூடாது.

## மழையும் புகையும்

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை என்பது இந்த ஊரின் வழக்கம். ஏப்ரல் பக்கமும், அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். ஐந்தரைக்குள் பெய்து ஓய்ந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். தூசி அடங்கி, தூரக் குன்றுகள்கூடத் தெரியும். அன்றைக்கு டவர் சீட்டு வாங்கத் தயங்காதீர்கள். ஆறு மணிக்குத்தான் தொடங்குகிறது என்றால் உயரத்தை மறந்துவிட்டு மஸ்ஜித் ஜாமிக் பக்கம் போங்கள். நனைந்த கல்தளத்தில் விளக்குகள் இரண்டு மடங்காகத் தெரியும்.

சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ரா காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்து நகரத்தை மூடும். அந்த நாட்களில் எந்தத் தளத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். 276 மீட்டரிலிருந்து சாம்பல் நிறம்தான் தெரியும். காற்றுத் தரக் குறியீட்டை மலேசிய அரசு தினமும் வெளியிடுகிறது. அது 100ஐத் தாண்டிய நாளில் வெளியே திரிவதைக் குறைத்து, பிள்ளைகளுக்கு முகக்கவசம் மாட்டி, சூரியா மாலுக்குள் நேரத்தை ஓட்டுவது உத்தமம்.